முயல் ஜோடியைப் பிரிக்கலாமா?

சங்க இதழில் எழுத எத்தனையோ விஷயங்கள் இருக்க, முயலைப் பற்றி என்ன கட்டுரை என்று சிலர் நினைக்கலாம். எனக்குத் தெரிந்தே நாகபுரியில் நம்மவர் குடும்பங்கள் நான்கில் இப்போது முயல் வளர்க்கிறார்கள். நான்கிலும் ஜோடியாகத்தான் வாங்கியிருக்கிறார்கள். அவற்றில் இரண்டு வீடுகளில் குட்டிகள் பிறந்து, என்ன செய்வதென்று தெரியாமல் தவித்துப் போனார்கள். ஆகவே பெரியவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்தான் இது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஒன்றாக வளரும் இளம் முயல் ஜோடியைக் கருத்தடை ஆபரேஷன் முடியும்வரை பிரித்து வைத்தே ஆகவேண்டும். ஆனால் ஒன்றையொன்று தொட முடியாதபடி பிரித்தால் போதும். பார்க்க முடியாதபடி பிரிக்கக் கூடாது. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பாவம் பார்த்துக் கொஞ்ச நேரம் சேர்த்து விடுகிறோம்; இல்லாவிட்டால் ஒன்றை யாருக்காவது தூக்கிக் கொடுத்து ஒரேயடியாகப் பிரித்து விடுகிறோம்.

என் பேத்திக்காக மகன் சென்ற நவம்பர் தொடக்கத்தில் எட்டு வாரக் குட்டிகள் இரண்டை வாங்கி வந்தான். கடைக்காரர் இரண்டுமே 'மாதா' என்றாராம். இந்தியில் பெட்டை விலங்குக்கு அப்படிச் சொல்வார்கள். மூன்றாவது வாரம் கால்நடை டாக்டரிடம் காட்டியபோதுதான் இரண்டில் ஒன்று பிதா என்று தெரிந்தது! கடைக்காரரை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. அந்த வயதில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது பழகியவர்களுக்கே தவறிப் போகும். கடையில் என்ன சொல்லியிருந்தாலும் பத்தாவது வாரத்தில் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. பத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஆண் குட்டிக்கு விரை இறங்கத் தொடங்கும். பிரிக்க வேண்டிய காலமும் அதுவே. "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததாச்சே" என்றாள் என் மனைவி. முயலிடம் அண்ணன் தங்கை என்ற கணக்கெல்லாம் கிடையாது.

அன்று வீட்டில் இரண்டு யோசனைகள் வந்தன. "ஆணை யாருக்காவது கொடுத்துடலாம்பா" என்றான் மகன். அதைக் கேட்டு பேத்தி அன்று இரவு சாப்பிடவே இல்லை. எதிர்வீட்டுப் பெண்மணி, "பாவம் மாமா, தூங்கறப்போகூட ஒட்டிக்கிட்டுத் தூங்குதுங்க. ராத்திரி தனியா வச்சாலும் பகல்ல ஒரு அரைமணி சேர்த்து விடுங்களேன்" என்றார்.

அரைமணி எதற்கு, அரை நிமிடம் போதும். முயல்கள் இணை சேர்வது சில விநாடிகளில் முடிந்துவிடும். மற்ற பல பிராணிகளைப் போலப் பெண் முயலுக்கு இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று பருவம் கிடையாது. இணை சேர்ந்த பிறகு சுமார் பத்து மணி நேரத்தில் சினைமுட்டை வெளிப்படுகிறது. ஆகவே 'பத்திரமான நாள்' என்று ஒன்று இல்லை. சினைக்காலம் 30 முதல் 32 நாள்தான். குட்டி ஈன்ற அன்றே மறுபடியும் சினை பிடிக்கும். ஓர் ஈற்றுக்கு ஆறு குட்டி என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு மாதத்தில் பன்னிரண்டு! இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் இவற்றை எங்கே வைப்பது? நான் மேலே சொன்ன இரண்டு வீடுகளில், ஒன்றில் குட்டிகளைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். மற்றொன்றில் பூங்காவில் புதர் ஓரமாக விட்டுவிட்டு வந்தார்கள். வெள்ளை முயல் குட்டி நாயும் பூனையும் திரியும் பூங்காவில் எத்தனை மணி நேரம் பிழைக்கும் என்று விட்டவர்களுக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்பது இதைவிட எளிதான வழி போலத் தோன்றும். "முயல் தனியாத்தானே திரியும், நம்ம ஊர்ப் பக்கம் பார்த்ததில்லையா?" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பார்த்தது வேறு முயல். 'தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' என்று நாம் சொல்கிறோமே, அந்தக் காட்டு முயல் வளை தோண்டாது. வெட்டவெளியில், பெரும்பாலும் தனித்தே வாழும். அதன் குட்டி ரோமத்தோடு, கண் திறந்தபடியே பிறக்கும். அதைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டில் நாம் வளர்ப்பது ஐரோப்பிய முயலின் வம்சம். ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்தில் மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த ஜாதி. அதன் குட்டி கண் திறக்காமல், ரோமம் இல்லாமல் பிறக்கும். தமிழில் இரண்டையும் 'முயல்' என்றே சொல்லிப் பழகிவிட்டதால் வந்த குழப்பம் இது. கூட்டமாக வாழப் பிறந்த பிராணியின் ஒரே துணையை, நான்கு மாதம் காத்திருக்கப் பொறுமையில்லாமல் யார் வீட்டுக்கோ அனுப்பிவிட்டு, மீதி எட்டுப் பத்து வருஷம் அதைத் தனியே வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. வீட்டிலும் இதையே சொன்னேன். இரண்டும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

சரி, எப்படிப் பிரிப்பது? இரண்டு கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். நடுவில் நான்கு விரற்கடை இடைவெளி கட்டாயம் வேண்டும். ஒரே கூண்டில் நடுவே ஒரு கம்பி வலை போட்டால் போதாது. வலை வழியாகவே மூக்கைக் கடித்துக்கொள்ளும்; வலை வழியாகவே சினையான கதைகளும் உண்டு. முப்பத்தாறு வருஷம் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன் என்பதால் எனக்கு இந்த இடைவெளி விசித்திரமாகப் படவில்லை. ஃபிஷ்பிளேட் போட்டு இரண்டு தண்டவாளங்களை இணைக்கும்போதும் நடுவில் சில மில்லிமீட்டர் விட்டுத்தான் இணைப்போம். விடாவிட்டால் மே மாதத்தில் லைன் நெளிந்துவிடும். அளவுக்கு மேல் விட்டால் ஒவ்வொரு சக்கரமும் அந்த மூட்டில் இடித்துக்கொண்டே போகும்.

இடைவெளிக்கு அப்பால் மற்றதெல்லாம் ஒன்றாகவே நடக்கட்டும். ஒரே நேரத்தில் புல், ஒரே நேரத்தில் கீரை. வெளியே ஓடவிடுவது மட்டும் மாற்றி மாற்றி. ஒன்று வெளியே இருந்தால் மற்றது உள்ளே. அப்போதும் கூண்டுக் கதவைத் தாழிட்டோமா என்று ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இடம் போதவில்லை என்று ஆணை பால்கனிக்குத் தள்ளுவது பெரிய தவறு. துணையின் வாசனையே இல்லாமல் வளர்ந்தால், பிறகு சேர்க்கும்போது அந்நியர்களாகிச் சண்டை போடும். அதோடு நம் ஊர் வெயில். முப்பது டிகிரியைத் தாண்டினாலே முயல் தவிக்கும். நாகபுரியில் மே மாதத்தில் 45 டிகிரி என்பது சாதாரணம்.

தனித்தனியாக வைப்பதில் நான் எதிர்பாராத ஒரு நன்மையும் இருந்தது. எது சாப்பிட்டது, எது சாப்பிடவில்லை, எதன் புழுக்கை குறைந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரிகிறது. முயல் அரை நாள் சாப்பிடாமல் இருந்தால் குடல் நின்றுவிடும் அபாயம் உண்டு. உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். இந்தக் கணக்கைப் பேத்தி ஒரு நோட்டில் எழுதி வருகிறாள்.

ஆபரேஷனுக்காக நாங்கள் முதலில் போன இடத்தில் முதல் நாள் இரவிலிருந்து பட்டினி போடச் சொன்னார்கள். அது நாய்க்கும் பூனைக்கும் உள்ள விதி. முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினிதான் அதற்குக் கெடுதல். "இதுவரை எத்தனை முயலுக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பதில் சரியாக வரவில்லை. வேறு டாக்டரைத் தேடிப் போனோம். இப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

ஆணுக்கு ஜனவரி கடைசி வாரம் முடிந்தது. இனிச் சேர்த்து விடலாமே என்று மறுநாளே ஆளாளுக்குச் சொன்னார்கள். கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகும் நான்கிலிருந்து ஆறு வாரம்வரை அதனால் சினைப்படுத்த முடியும். "ஆணுக்குத்தான் பண்ணியாச்சே, பெண்ணுக்கு எதுக்கு இன்னொரு செலவு?" என்பது அடுத்த கேள்வி. குட்டி பிறக்காதிருக்க ஒன்றுக்குச் செய்தாலே போதும்தான். ஆனால் ஆபரேஷன் செய்யாத பெண் முயல்களுக்கு வயதாக வயதாகக் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகவும் சாதாரணம். துணைக்குத் துணையாக நெடுநாள் இருக்கட்டும் என்று விரும்பினால் இரண்டுக்கும் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்று பெற்றோர் தயங்குகிறார்கள். என் பேத்திக்கு ஒன்பது வயது. ஏன் பிரிக்க வேண்டும் என்று அவள் கேட்டபோது வீட்டில் எல்லாரும் பேச்சை மாற்றினார்கள். நம் கிராமங்களில் காளைக்குக் காயடிப்பதைப் பார்த்து வளராத குழந்தை உண்டா? அவளை உட்கார வைத்து, "ஆணும் பொண்ணும் சேர்ந்தா குட்டி வரும், அத்தனை குட்டியை நம்மால வளர்க்க முடியாது, அதனாலதான் டாக்டர் ஆபரேஷன் பண்றார்" என்றேன். "அப்புறம் சேர்த்துடுவோமில்ல தாத்தா?" என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் கவலை. பகலில் சேர்த்து விடலாமே என்று அதன்பின் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. பெரியவர்கள்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பெண்ணுக்கு மார்ச் முதல் வாரம், வெயில் ஏறுவதற்குள், நாள் குறித்தாயிற்று. காயம் ஆற இரண்டு வாரம். அதன்பின் இரண்டும் இதுவரை போகாத ஓர் அறையில், நாங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம். சண்டை வந்தால் மறுபடி கூண்டுக்குள், மறுநாள் மறுபடி முயற்சி. எத்தனை நாள் பிடித்தாலும் சரி.

கூண்டு இரண்டையும் நானே வீட்டில் செய்தேன். அளவும் வரைபடமும் வேண்டுவோர் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க நூலகத்தில் என்னைக் கேட்கலாம்.