சுவரில் பூக்கும் பூஞ்சை யாருடைய குற்றம்?

மழைக்காலம் தொடங்கியவுடன் பெங்களூரு நாளேடுகளின் வாழ்க்கைமுறைப் பக்கங்கள் ஆண்டுதோறும் ஒரே அறிவுரையை வழங்குகின்றன. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள், சமைக்கும்போது புகைபோக்கி விசிறியை இயக்குங்கள், அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள் என்று அவை சொல்கின்றன. அடுத்த பக்கத்தில் ஓதத்தைத் தடுக்கும் பெயிண்டின் முழுப்பக்க விளம்பரம் வருகிறது. சுவர் ஓதமேறுவது குடியிருப்பவரின் பழக்கக் கோளாறு, அதற்குத் தீர்வு கடையில் கிடைக்கும் ஒரு டப்பா பெயிண்ட் என்பதே இதன் சாரம்.

இந்த அறிவுரையில் பொய் இல்லை. ஆனால் அது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது? பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் ஆயத்த ஆடை ஆலைகளுக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் வாழும் ஒற்றை அறைகளில் திறப்பதற்கு எந்த ஜன்னல் இருக்கிறது? இருபதுக்கு முப்பது அடி மனையில் நான்கைந்து மாடிகளை எழுப்பி, தளத்துக்கு இரண்டு வீடுகளாகத் தடுத்து வாடகைக்கு விடும் கட்டடங்களில், ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தொலைவில் அடுத்த கட்டடத்தின் சுவர் நிற்கிறது. மொட்டை மாடி பூட்டிக் கிடந்தால் துணியை எங்கே உலர்த்துவது? அலமாரியைத் தள்ளி வைத்தால் பாய் விரிக்க இடம் ஏது?

அரை லிட்டரும் பத்து லிட்டரும்

அறிவியலையே சாட்சிக்கு அழைப்போம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட ஓர் அறையில் அடங்கும் காற்று ஏறத்தாழ 28 கன மீட்டர். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியை மட்டுமே தாங்கும். அந்த அறைக் காற்று முழுவதும் சேர்ந்தாலும் தாங்கக்கூடியது அரை லிட்டர் நீருக்கும் சற்றுக் குறைவு. நான்கு பேர் மூச்சுவிட்டு, சமைத்து, குளித்து, துணி உலர்த்தினால் ஒரு நாளில் வெளியாகும் ஈரமோ பத்து லிட்டர் அளவுக்கு வரும். காற்று இடையறாது மாறிக்கொண்டிருந்தால்தான் இந்த ஈரம் வெளியேறும். மாறாத காற்றிலிருந்து அது குளிர்ந்த பரப்பைத் தேடிச் சென்று துளியாகப் படியும்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ள நகரம். மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 15 டிகிரி வரை இறங்குவது இங்கே இயல்பு. தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் இரவில் விரைவாகக் குளிர்கின்றன. உள்ளே உறங்குவோரின் மூச்சே கூரையில் நீராகி அவர்கள் மீது சொட்டுகிறது. கான்கிரீட் வீடுகளில் அது வெளிச்சுவரின் மூலைகளில் படிந்து கரும்பூஞ்சையாகிறது. நான்கு பேர் வாழும் அறையில் மூச்சு விடுவதும் சோறு வடிப்பதும் பழக்கக் கோளாறுகள் ஆகுமா?

ஈரம் வேறு வழிகளிலும் வருகிறது. அடித்தளத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரத் தடுப்பு அடுக்கு போடாமல் கட்டினால் மண்ணின் நீர் சுவரில் ஏறும். தளத்துக்குச் சரிவு கொடுக்காமலும் குழாய் இணைப்புகளைச் சரியாக அடைக்காமலும் விட்டால் மேலிருந்து கசியும். கசிவு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். இவை அனைத்தும் கட்டும்போதே தீர்மானிக்கப்படுபவை. சிமெண்டில் மிச்சம் பிடித்தவர் லாபத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். ஓதம் குடியிருப்பவருக்கு மிஞ்சுகிறது.

தெரியாமல் நடந்ததா?

இந்நகரம் காற்றோட்டத்தின் அருமையை அறியாதது அல்ல. 1898இல் பிளேக் நோய் பெங்களூரைத் தாக்கியபோது, நெரிசலும் இருளும் மூடிய வீடுகளே கொள்ளைநோயின் களம் என்பதை அன்றைய ஆட்சியாளர்கள் உணர்ந்தார்கள். அகலமான தெருக்களோடு பசவனகுடியும் மல்லேஸ்வரமும் எழுந்தன. காற்றும் வெளிச்சமும் மனை வாங்க வல்லவர்களுக்குக் கிடைத்தன. உழைப்பாளிகள் பழைய சந்துகளிலேயே விடப்பட்டார்கள். சட்டத்திலும் குறைவில்லை. ஓர் அறையின் ஜன்னல் திறப்பு உலர் வெப்பப் பகுதிகளில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கும், ஈர வெப்பப் பகுதிகளில் ஆறில் ஒரு பங்கும் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும் நூறு சதுர அடி அறைக்குப் பத்துச் சதுர அடித் திறப்பு வேண்டும். அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்த துவாரத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. வாடகை அறைகளுக்குள் நுழைந்து இதை அளந்து பார்க்கும் அதிகாரியை யார் கண்டிருக்கிறார்கள்?

தனியார் உடைமையாளர் மட்டுமா குற்றவாளி? ஏழைகளுக்கு அரசே கட்டிய வீடுகளின் கதையைப் பார்ப்போம். கோரமங்கலாவை ஒட்டிய ஈஜிபுராவில், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கென மாநகராட்சி 1,500 வீடுகளைக் கட்டியது. இருபது ஆண்டுகள் ஆவதற்குள் சில தொகுதிகள் இடிந்து விழுந்தன. குடும்பங்கள் அதே வளாகத்தில் தகரக் கொட்டகைகளில் அடைபட்டன. தரமற்ற கட்டுமானத்துக்குப் பொறுப்பானவர்களைத் தண்டித்து, அதே இடத்தில் அவர்களுக்கு நல்ல வீடு கட்டித் தருவதுதான் நியாயம். நடந்தது வேறு. நிலம் அரசு–தனியார் கூட்டு ஒப்பந்தத்தில் மேவரிக் ஹோல்டிங்ஸ் நிறுவனத்திடம் போனது. ஏறத்தாழ பாதி நிலம் வணிகப் பயன்பாட்டுக்கு என்று எழுதப்பட்டது. 2013 ஜனவரியில் போலீஸ் புடைசூழ புல்டோசர்கள் கொட்டகைகளைத் தரைமட்டமாக்கின. தமிழும் கன்னடமும் உருதுவும் பேசும் உழைப்பாளிக் குடும்பங்கள் குளிரில் தெருவோரத்தில் கிடந்தன.

முதலாளித்துவம் குடியிருப்புப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, அதை வேறோர் இடத்துக்கு நகர்த்துகிறது என்று 1872இலேயே ஏங்கெல்ஸ் விளக்கினார். ஈஜிபுரா அதற்கு நம் கண்முன் உள்ள சான்று.

சென்னையும் விதிவிலக்கல்ல. புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் எழுப்பப்பட்ட அடுக்குமாடி வீடுகளின் சுவர்ப்பூச்சு 2021 ஆகஸ்டில் கை பட்டாலே உதிர்ந்தது. செய்தி சட்டமன்றம் வரை சென்ற பிறகே ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்வுக்கு அழைக்கப்பட்டார்கள். 2022க்குள் அனைவருக்கும் வீடு என்று 2015இல் முழங்கிய ஒன்றிய அரசோ, நகர்ப்புற ஏழை ஒருவர் தானே வீடு கட்டிக்கொள்ள ஒன்றரை லட்சம் ரூபாய் தந்து கணக்கை முடித்துக்கொண்டது. அத்தொகையில் எந்த ஈரத் தடுப்பு அடுக்கைப் போட முடியும்?

நோயும் வாடகையும்

ஓதமேறிய வீடு நோயின் விளைநிலம். ஈரமும் பூஞ்சையும் ஆஸ்துமாவுக்கும் சுவாச நோய்களுக்கும் வழிவகுப்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே தன் வழிகாட்டு நெறிகளில் பதிவு செய்துள்ளது. காற்றோட்டமற்ற நெரிசலில் காசநோய் எளிதில் பரவுகிறது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்ற வாக்குறுதி காற்றில் பறந்துவிட்டது. மாத்திரை கொடுத்துவிட்டு நோயாளியை அதே இருட்டறைக்குத் திருப்பி அனுப்பும் அரசு எதை ஒழிக்கும்? இந்த அறைகளில் அதிக நேரம் இருப்பவர்கள் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் என்பதால், நோயின் முதல் அடியும் அவர்கள் மீதே விழுகிறது.

நோயோடு அபராதமும் சேருகிறது. பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கறப்பது நெடுநாள் வழக்கம். காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரரின் குறைக் கட்டுமானத்தால் கறுத்த சுவருக்கு வாடகைதாரர் தண்டம் கட்டுகிறார். முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது, சுவருக்கு வெள்ளையடிப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று 2021ஆம் ஆண்டின் மாதிரி வாடகைச் சட்டமே சொல்கிறது. மாதிரி என்பதால் அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. உழைப்பாளிக்குச் சாதகமான வரிகள் மட்டும் எப்போதும் மாதிரியாகவே நின்றுவிடுகின்றன.

மான்செஸ்டர் தொழிலாளர்களின் ஈரம் சொட்டும் நிலவறைகளை ஏங்கெல்ஸ் 1845இல் உலகுக்குக் காட்டினார். அந்நகரை அடுத்த ராச்டேலில், 2020 டிசம்பரில், சமூகக் குடியிருப்பு ஒன்றின் பூஞ்சையால் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பெற்றோரின் புகார்களுக்கு அவர்களுடைய வாழ்க்கைமுறையே காரணமாகக் காட்டப்பட்டிருந்தது. மரண விசாரணை அந்த வாதத்தை ஏற்கவில்லை. எழுந்த மக்கள் கோபத்தின் விளைவாக, சமூகக் குடியிருப்புகளின் உரிமையாளர்கள் பூஞ்சைப் புகாரைக் குறித்த காலத்துக்குள் ஆய்ந்து சீர்செய்ய வேண்டும் என்ற சட்டம் 2023இல் அங்கே பிறந்தது. நம் நாட்டில் இத்தகைய மரணங்கள் ‘மூச்சுத்திணறல்’ என்ற ஒற்றைச் சொல்லில் மறைந்துபோகின்றன.

என்ன செய்ய வேண்டும்?

பழியைத் திருப்பிவிட இடம் தராத சான்று முதலில் நம் கையில் இருக்க வேண்டும். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஓதமேறிய இடத்தைத் துடைத்து உலரவிட்டு, ஒரு சாண் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். தாளின் பின்புறம் நனைந்தால் நீர் சுவர் வழியே வருகிறது, குற்றம் கட்டடத்தினுடையது. முன்புறம் துளிர்த்தால் அறையின் ஈரம் வெளியேற வழியில்லை. அப்போது ஜன்னலை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். தொழிற்சங்கக் கிளைகளும் மாதர், வாலிபர் அமைப்புகளும் வார்டு வாரியாக இக்கணக்கெடுப்பை நடத்தலாம். 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தபின் ஐந்தாண்டுகள் தேர்தலே நடத்தாமல், 2025 செப்டம்பரில் நகரத்தை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். அந்த ஐந்தின் வாயிலிலும் இந்த ஆவணங்களை வைக்க வேண்டும்.

கோரிக்கைகள் தெளிவானவை. வாடகைக்கு விடப்படும் ஒவ்வோர் அறைக்கும் விதித்தொகுப்புப்படி ஜன்னல் இருப்பதை ஆய்வு செய்க. முன்பணத்துக்குச் சட்ட வரம்பு விதித்து, பெயிண்ட் பிடித்தத்தைத் தடை செய்க. கசிவையும் ஓதத்தையும் குறித்த நாட்களுக்குள் சீர்செய்வதை உரிமையாளரின் சட்டக் கடமையாக்குக. அரசு கட்டும் வீடுகளுக்கு ஒப்பந்ததாரரைப் பல்லாண்டுப் பொறுப்பில் பிணைத்திடுக. குடிசைப்பகுதி மக்களை இடம்பெயர்க்காமல், வாழும் இடத்திலேயே வீடு கட்டித் தருக.

இவை நடக்குமா என்று கேட்போருக்கு 2016 ஏப்ரலை நினைவூட்டுவோம். வருங்கால வைப்பு நிதியை எடுக்க ஒன்றிய அரசு விதித்த தடைக்கு எதிராக, இதே பெங்களூரின் ஆயத்த ஆடைப் பெண் தொழிலாளர்கள் ஓசூர் சாலையிலும் தும்கூர் சாலையிலும் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அரசு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. தங்கள் சேமிப்பைக் காத்துக்கொண்ட அந்தக் கரங்களால் காற்றும் வெளிச்சமும் உள்ள வீட்டையும் வென்றெடுக்க முடியும்.