60 கிலோமீட்டர் பாதை... ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது!

முப்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு தொங்குபாலம். கீழே 23 மீட்டர் ஆழத்தில், இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒயிட் ரிவர் ஆறு நுரை தள்ளிக்கொண்டு பாய்கிறது. நடக்க நடக்கப் பாலம் மெல்ல ஆடும். கைக்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று அருவியைப் பார்ப்பவர்கள், கொஞ்ச நேரம் பேச்சை மறந்துவிடுவார்கள்.

இந்தப் பாலத்துக்கு வண்டியில் வர வழியில்லை. காட்டுப் பாதையில் நடந்துதான் வர வேண்டும். போக 9 கிலோமீட்டர், திரும்ப 9 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பலாம்.

இடம், கனடாவின் ஒன்டாரியோ மாநிலம். சுப்பீரியர் ஏரியின் கரையை ஒட்டி 1,878 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் தேசியப் பூங்கா. 1978-ல் உருவானது. பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் 'புகாஸ்க்வா' என்று வரும். அந்த ஊர்க்காரர்கள் சொல்வதோ 'பக்கசா'.

ஏரி என்று சொன்னாலும், கரையில் நிற்பவருக்கு அது கடல்தான். மறுகரை தெரியாது. பெரிய அலை அடிக்கும், திடீரென மூடுபனி வரும், இலையுதிர் காலத்தில் கப்பலையே கவிழ்க்கும் புயல் வீசும். கோடையிலும் தண்ணீரில் கால் வைத்தால் சுரீரென்று குளிரும். அந்தக் குளிர் கரைக்கும் ஏறுவதால், இங்கிருந்து வெகு வடக்கே ஆர்க்டிக் பகுதியில் வளர வேண்டிய சில சின்னஞ்சிறு செடிகள் இந்தப் பாறை இடுக்குகளில் வளர்கின்றன. பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் பின்வாங்கியபோது, இங்கேயே தங்கிவிட்ட செடிகள் இவை.

கல்பாசி விரித்த தரை

கரையைத் தாண்டினால் போரியல் காடு. வடதுருவத்துக்குக் கீழே பூமியைச் சுற்றி ஒரு பச்சை வளையம்போல ஓடும் குளிர்நிலக் காட்டின் ஒரு துண்டு இது. ஸ்புரூஸ், ஃபர், ஜாக் பைன் போன்ற ஊசியிலை மரங்கள், நடுவே வெள்ளைப் பட்டை உரியும் பிர்ச் மரங்கள். அடியில் இருப்பது 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதான பாறை. பல இடங்களில் அதன்மேல் இருக்கும் மண் சில அங்குலம்தான். அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை பாசியும் லைக்கனும்.

லைக்கன் என்றதும் ஏதோ புதுப்பொருள் என்று நினைக்க வேண்டாம். பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் தாளிக்கும் கல்பாசியும் ஒரு வகை லைக்கன்தான். இந்தக் காட்டில் அதன் உறவுகள் வெளிர்பச்சை மெத்தைபோலத் தரையில் விரிந்து கிடக்கின்றன, மரக்கிளைகளில் தாடிபோலத் தொங்குகின்றன. தரையில் வளரும் லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். வெயிலில் காய்ந்திருக்கும்போது மிதித்தால் அப்பளம்போல நொறுங்கிவிடும். ஒரு நொடியில் நொறுங்கியது திரும்ப வளர்ந்து மெத்தையாகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

பூங்காவில் பாதையை விட்டு விலகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். வழி தவறிவிடுவார்கள் என்ற கவலை ஒரு பாதி. எல்லோருடைய காலடியும் ஒரே கோட்டில் விழுந்தால், மிச்சக் காடு பிழைத்துக்கொள்ளும் என்பது மறுபாதி.

கரையில் இருக்கும் குழிகள்

இந்தக் கரையில் மணலைவிடக் கூழாங்கல் அதிகம். உள்ளங்கை அளவிலிருந்து தலையணை அளவு வரை உருண்டைக் கற்கள். சில கூழாங்கல் கரைகள் இன்றைய தண்ணீர் மட்டத்துக்கு மேலே, படிக்கட்டுபோல அடுக்கடுக்காக இருக்கின்றன. பனிப்பாறையின் பாரம் நீங்கியதும் அமுங்கிக் கிடந்த நிலம் மெல்ல மேலே எழும்பியது, ஏரியும் கீழே இறங்கியது. பழைய கரைகள் மேலேயே நின்றுவிட்டன.

அந்தப் பழைய கரைகளில், கற்களை விலக்கி அமைத்த குழிகள் இருக்கின்றன. புகாஸ்க்வா குழிகள் என்று பெயர். சில சிறியவை, சில நாலு பேர் உட்காரும் அளவு பெரியவை. அனிஷினாபே பழங்குடி மக்களின் முன்னோர்கள் அமைத்தவை. குளிருக்கும் காற்றுக்கும் ஒதுங்கும் இடம் என்கிறார்கள் சிலர். மீனும் இறைச்சியும் சேமித்த இடம் என்கிறார்கள் வேறு சிலர். தனிமையில் நோன்பிருந்து தெய்வக் காட்சிக்காகக் காத்திருந்த இடம் என்றும் ஒரு கருத்து உண்டு. அந்த மக்களுக்கு இவை இன்றும் புனிதமானவை.

இவற்றுக்கு வேலியோ கண்ணாடிக் கூண்டோ கிடையாது. வெறும் கல்லை வெறும் கல்லின்மேல் வைத்தது. இத்தனை காலக் காற்றையும் பனியையும் தாங்கி நின்றவற்றை, ஒரு குழந்தை விளையாட்டாக நாலு கல்லை எடுத்து அடுக்கினாலே கலைத்துவிட முடியும். கல்லின்மேல் கல் அடுக்கிப் படம் எடுப்பது இப்போது எல்லாக் கடற்கரையிலும் ஏரிக்கரையிலும் பரவிவிட்ட பழக்கம். இங்கே அதைச் செய்யாதீர்கள். எடுக்கிற கல் எந்தக் குழியின் சுவர் என்று எடுப்பவருக்குத் தெரியாது. ஒருமுறை இடம் மாறிவிட்டால், யார், எப்படி, எதற்காக வைத்தார்கள் என்ற சேதியும் அதோடு போய்விடும்.

காணாமல் போன மான்

தாமதம் என்றால் என்ன விலை என்பதற்கு இந்தக் காட்டில் ஒரு சாட்சி உண்டு. காட்டுக் காரிபூ எனும் பெரிய மான் வகை. குளிர்காலத்தில் அதற்கு லைக்கன்தான் முக்கிய உணவு. 1970-களில் இந்தப் பூங்காவில் சுமார் 30 காரிபூக்கள் இருந்தன. பிறகு படிப்படியாகக் குறைந்துவிட்டன. இன்று இந்தப் பாதையில் நடப்பவர்கள் காரிபூவைப் பார்ப்பதில்லை.

பூங்காவுக்குள் மரம் வெட்டத் தடை இருக்கிறது. ஆனால் காட்டின் வாழ்வு பூங்கா எல்லையோடு முடிவதில்லை. பழைய காடு வெட்டப்பட்ட இடங்களில் இளம் தளிர்கள் பெருகும். அதைத் தேடி மூஸ் மான்கள் வரும். அவற்றைத் தேடி ஓநாய்கள் வரும். அந்த ஓநாய்களின் வாயில் காரிபூவும் விழும். ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும் காரிபூவால் இந்த இழப்பை ஈடுகட்ட முடிவதில்லை.

யாருக்கு எந்தப் பாதை?

குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வருபவர்களுக்கு ஹாட்டி கோவ் முகாமைச் சுற்றியே சிறு பாதைகள் உண்டு. பாறை முனைகளைச் சுற்றி வரும் தெற்கு முனைப் பாதை 2.2 கிலோமீட்டர். ஹாஃப்வே ஏரியைச் சுற்றும் 2.6 கிலோமீட்டர் பாதைக்கு அனிஷினாபே மொழியில் 'பாடங்களின் நடை' என்று பொருள் தரும் பெயர். அன்பு, மரியாதை, துணிவு, நேர்மை, பணிவு, உண்மை, அறிவு என்று அந்த மக்களின் ஏழு பாடங்களை வழியெங்கும் படித்துக்கொண்டே நடக்கலாம்.

நடந்து பழகியவர்களுக்குக் கரையோரப் பாதை. ஹாட்டி கோவில் தொடங்கி நார்த் ஸ்வாலோ ஆறு வரை 60 கிலோமீட்டர். அந்த முனையில் சாலை கிடையாது. வந்த வழியே திரும்ப நடக்க வேண்டும், இல்லையென்றால் படகை முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். ஏரி கொந்தளித்தால் படகு வராது. அதனால் கூடுதலாக ஓரிரு நாள் உணவு பையில் இருப்பது அவசியம். கைபேசியை நம்ப முடியாது. மழை பெய்தால் கரைப் பாறைகள் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். கருங்கரடி உலவும் காடு என்பதால் கூடாரத்துக்குள் சாப்பாடு வைக்கக் கூடாது. எந்த நாள், எந்த முகாம் என்று பூங்காவில் பதிவு செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

மூடுபனி இறங்கினால் முகாமிலேயே ஒருநாள் காத்திருப்பதும், கால் தளர்ந்தால் பாதியில் திரும்புவதும் இங்கே தோல்வி இல்லை. மெதுவாக வளர்ந்த காட்டில் அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. திரும்பும்போது பையில் குப்பை இருக்கட்டும், கைபேசியில் படம் இருக்கட்டும். பிடித்துப்போன அந்த வழவழப்பான கூழாங்கல் மட்டும் கரையிலேயே இருக்கட்டும்.