நம்பரை அடிக்காதீங்க சாமி!

இங்கே லேக் கார்டன்ஸில் காய்கறிக்காரரைத் 'தாதா' என்றால் அண்ணன், சென்னையில் ரவுடி. சாக்கெட் மாறிலிகளும் அப்படித்தான். லினக்ஸில் 'சாக்_ஸ்ட்ரீம்' எக்ஸ்86-ல் 1, மிப்ஸில் 2. 'சாக்_டிகிராம்' நேர்மாறு. பழைய யூனிக்ஸோடு ஒத்துப்போகச் செய்த ஏற்பாடு, அதில் தப்பில்லை.

ஆனால் "என் பொட்டியில ஓடுதே" என்று வெறும் 1 அடிக்கிறார்களே, அது சோம்பேறித்தனம்! மிப்ஸ் ரவுட்டரில் டிசிபிக்குப் பதில் யுடிபி திறக்கும். எர்ரர் வராது. எதிர்முனையில் ஆளே இல்லாவிட்டாலும் கனெக்ட் 'வெற்றி' என்று சொல்லும். எனக்கு ரெண்டு ராத்திரித் தூக்கம் போச்சு.

"சென்னை ஐஐடியின் சக்தி சிப்பெல்லாம் ரிஸ்க்-ஃபைவ், அதில் 1 தானே?" என்பீர்கள். சரி, ஏற்கெனவே வீடுகளில் ஓடும் மிப்ஸ் பெட்டிகளை என்ன செய்ய?

பெயரை எழுதுங்க. நம்பரை ஹெடர் பார்த்துக்கும்.