தாத்தா மடிக்கு விடுமுறை

எங்கள் வீட்டு வரவேற்பறையில் கோயில் நாள்காட்டி ஒன்று தொங்குகிறது. தினமும் காலையில் அதில் ஒரு தாளைக் கிழிப்பது என் ஐந்து வயதுப் பேத்தியின் வேலை. கிழித்துவிட்டு, "தாத்தா, இன்னும் எத்தனை?" என்று கேட்பாள். மொத்தம் 60. நேற்றோடு 41 முடிந்தது.

ஐந்து வாரமாக இந்தப் பத்தி ஏன் வரவில்லை என்று சில வாசகர்கள் விசாரித்தார்கள். வெளியூர்ப் பயணம் என்று சொல்லச் சொல்லியிருந்தேன். பொய். எனக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். நல்ல வேளையாகச் சுரப்பிக்கு வெளியே பரவவில்லை. கோலாலம்பூரில் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய ஊசிகள் வழியே 84 கதிர்வீச்சு விதைகளை உள்ளே வைத்தார்கள். ஒவ்வொன்றும் அரிசி மணியைவிடச் சிறியது. டைட்டானியம் உறை, உள்ளே அயோடின்-125. அவற்றைத் திரும்ப எடுப்பதில்லை. சுமார் 60 நாளுக்கு ஒருமுறை வீரியம் பாதியாகக் குறையும், ஓராண்டில் ஏறக்குறைய அடங்கிவிடும்.

தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்தான், ரேடியத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்துக் கட்டிக்குள்ளேயே வைத்தால் என்ன என்று 1903-இல் ஒரு மருத்துவருக்குக் கடிதம் எழுதினாராம். மனிதர் எதைத்தான் விட்டுவைத்தார்!

மறுநாளே புக்கிட் ரோத்தானுக்குத் திரும்பினோம். லாத்தார் நெடுஞ்சாலை வரை சுகம். ஈஜோக்கில் இறங்கியதும் ஒவ்வொரு பள்ளமும் எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்த இடம் சொன்னது. இரவில் ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி என்று எழுந்தேன். எரிச்சல் வேறு. தோட்டத்தில் அப்பா பெரட்டுக்கு எழுந்த நேரத்தில் நான் நான்காம் முறையாகக் கழிவறையில் நின்றுகொண்டிருப்பேன். மாத்திரையால் இப்போது இரண்டு முறையாகக் குறைந்திருக்கிறது. கோப்பி ஓ-வை நிறுத்தச் சொன்னதுதான் பெரிய தண்டனை.

முதல் நாள்களில் விதை ஒன்று சிறுநீரில் வந்துவிடலாம், வடிகட்டிப் பாருங்கள், வந்தால் கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள் என்றார்கள். மனைவி தேநீர் வடிகட்டியைத் தியாகம் செய்தார். ஒன்றும் சிக்கவில்லை.

அவரே என் தட்டையும் துண்டையும் தனியாக வைக்கத் தொடங்கினார். தாதியிடம் தொலைபேசியில் கேட்டபோதுதான் தெளிவு வந்தது: கதிர்வீச்சு விதைக்குள்ளேதான் இருக்கிறது, தட்டிலும் துணியிலும் ஒட்டாது. பெரியவர்கள் பக்கத்தில் உட்காரலாம். இரண்டு மாதத்துக்குக் கவனம் வேண்டியது கர்ப்பிணிகளிடமும் குழந்தைகளிடமும்தான். கட்டிப்பிடிக்கலாம், ஆனால் மடியில் வைத்துக்கொண்டு கதை சொல்லக் கூடாது. ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள் சாப்பாட்டு மேசையின் மறுகோடியில் உட்காருகிறாள்.

இரண்டு வருடம் நான் மறைத்தேன். சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று மகனிடம் எப்படிச் சொல்வது? முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் சுகாதாரப் பாடம் நடத்தியவன் நான்! பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையை அவன்தான் வற்புறுத்தி எடுக்க வைத்தான். அதன் அளவு கூடினாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆனால் 50 வயதைத் தாண்டிய அப்பாக்களிடம் பிள்ளைகள் இதைக் கேட்டுவிடலாம். அப்பாக்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

சொல்லக் கடினமாக இருந்தது இன்னொன்று. என் பணப்பையில் மருத்துவமனை தந்த அட்டை ஒன்று இருக்கிறது. ஓராண்டுக்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், தகனம் செய்வதற்கு முன் மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். நெருப்பில் விதையின் உறை உடைந்தால் கதிர்வீச்சு சாம்பலிலும் புகையிலும் கலந்துவிடும். நம் வீட்டில் இந்தப் பேச்சை யார் எடுப்பது? ஒருநாள் இரவு எடுத்தேன். "வாயைக் கழுவுங்க" என்று மனைவி சமையலறைக்குப் போய்விட்டார். மகன் ஒன்றும் பேசவில்லை. அட்டையை வாங்கிக் கைப்பேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தான்.

இன்று காலை பேத்தி இரண்டு தாள்களைச் சேர்த்துக் கிழித்துவிட்டாள். மனைவி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.