சிப்பாய்க்கும் சொல்ல ஒரு வழி வேண்டும்: ராணுவ உளவுப் பணி அனுபவங்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

கடலூர், சிதம்பரம் வட்டார முன்னாள் படைவீரர்கள் சங்கமாகக் கூடிப் பேசி எடுத்த முடிவு இது. ராணுவத்தில் உளவு சார்ந்த பணியில் இருந்தவர்கள், 25 ஆண்டு கடந்தபின் தங்கள் அனுபவத்தைச் சொல்லவும் எழுதவும் உரிமை உள்ளவர்கள். அதற்கு அரசு ஒரு நேர்வழி திறக்க வேண்டும். அது திறக்கும்வரை யாரும் கேமரா முன்னால் போய் உட்கார வேண்டாம் என்று எங்கள் உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறோம். இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்து யாரும் செய்தியாக்க வேண்டாம்.

உளவு என்றதும் சினிமாவில் வருகிற ஆளை நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எங்களில் சிலருக்கு அந்த வேலை வந்ததே தமிழ் தெரிந்த ஒரே காரணத்தால்தான். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் தமிழ் அறிந்தவர்களுக்குத் தட்டுப்பாடு. சிதம்பரம் வட்டத்து உறுப்பினர் ஒருவர் டிரைவராகப் போனவர். ஒருநாள் அவரை வண்டியிலிருந்து இறக்கி, ஹெட்போனை மாட்டிவிட்டு, காதில் விழுவதை எழுதச் சொன்னார்கள். கரகரப்புக்கு நடுவே வந்த யாழ்ப்பாணத் தமிழ் அவருக்குப் பாதிதான் பிடிபட்டது. சங்கேதப் பெயர்களில் எது ஊர், எது ஆள் என்று தெரியாமல் பென்சிலால் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, தெரிந்த இந்தியில் ஹவில்தாரிடம் சொன்னார். அந்தத் தாளை வைத்து அப்புறம் என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவர் இன்றைக்கும் டிரைவர்தான். யூனிட், முகாம், தேதி மூன்றையும் விட்டுவிட்டு, அவர் சம்மதத்தோடுதான் இதை இங்கே எழுதுகிறோம்.

இவ்வளவைச் சொல்வதே குற்றமா? சட்டத்தைப் படித்தால் பதில் கிடைக்காது. 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. எத்தனை ஆண்டு கழித்துப் பேசலாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. 2021 மே 31 அன்று மத்திய அரசு ஓய்வூதிய விதியைத் திருத்தியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் ஓய்வுபெற்றவர்கள், துறை சம்பந்தமாக எதை வெளியிட்டாலும் துறைத் தலைவரின் முன்அனுமதி வாங்க வேண்டும். உடன் வேலை பார்த்தவரின் பெயர், பதவி மட்டுமல்ல, அங்கே கற்ற அறிவும்கூட இதில் அடக்கம். மீறினால் பென்ஷனில் கை வைக்கலாம். ராணுவத்தாருக்கு ஓய்வூதிய விதி வேறு, இது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். எல்லாம் அந்த அட்டவணையில் இருக்கின்றன. அங்கே வேலை பார்த்தவர்களும் எங்களோடு இருக்கிறார்கள். பென்ஷனை நம்பி அடுப்பெரிகிற வீட்டில், எந்த விதி யாருக்குப் பொருந்தும் என்று ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவார்கள்.

அதிகாரிகள் பேசாமல் இல்லை. அமைதிப்படைக்குப் பொறுப்பு வகித்த லெப்டினன்ட் ஜெனரல் திபீந்தர் சிங்கும், களத்தில் டிவிஷனை நடத்திய மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங்கும் புத்தகமே எழுதினார்கள். அமைதிப்படையின் உளவுப் பிரிவுக்குத் தலைமை வகித்த கர்னல் ஆர். ஹரிஹரன் ஓய்வுக்குப் பின் இலங்கை பற்றிப் பல ஆண்டுகளாக எழுதியும் பேசியும் வந்திருக்கிறார். நாட்டுக்கு அதனால் நன்மைதான். 1987 அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய 13ஆவது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேரில் 29 பேர் மாண்டார்கள், ஒருவர் பிடிபட்டார். விடுதலைப் புலிகள் ஏன் தயாராகக் காத்திருந்தார்கள், நம் உளவு எங்கே கோட்டை விட்டது என்ற விவாதம் இவர்களைப் போன்றவர்கள் பேசியதால்தான் வெளியே வந்தது. ஆனால் மேலே இருந்து பார்த்தவரின் கணக்கு மட்டுமே நம்மிடம் இருக்கிறது. கீழே உட்கார்ந்து காது கொடுத்தவன் என்ன கேட்டான், கேட்டதை மேலே கொடுத்தானா, கொடுத்தும் யாராவது அலட்சியம் செய்தார்களா? அந்தப் பக்கம் வெற்றுத்தாள்.

அதிகாரியாக இருந்தாலும் எப்போதும் தப்பிவிட முடியாது. வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’வில் பணியாற்றிய மேஜர் ஜெனரல் வி.கே. சிங் 2007இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக்கினார். சி.பி.ஐ. அவர் வீட்டைச் சோதனை போட்டு, ரகசியச் சட்டத்தில் வழக்கும் போட்டது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. ஒரு ஜெனரலுக்கே இந்தக் கதி என்றால், ஒரு நாயக் எந்த வக்கீலைப் பிடிப்பார்?

இனி, எங்களுக்குள்ளேயே சண்டை வந்த விஷயம். ‘நான் பட்டது, நான் சொல்வேன்’ என்றார்கள் சிலர். சங்கம் அதை முழுதாக ஏற்கவில்லை. உளவுச் செய்தி வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு பெட்டிக்கடைக்காரர், ஒரு மீனவர், மகனைத் தேடி முகாமுக்கு வந்த ஒரு தாய் என்று யாரோ ஒருவர் வாய் திறந்ததால் கிடைத்தது. ராணுவம் 1990 மார்ச்சில் கப்பலேறிவிட்டது. சொன்னவர்கள் அங்கேயே இருந்தார்கள். ‘காட்டிக் கொடுத்த குடும்பம்’ என்ற பெயர் பேரப்பிள்ளை வரைக்கும் ஒட்டும், அதைத் துடைக்க எந்த நீதிமன்றமும் இல்லை. ஆகவே உதவியவரின் பெயர், ஊர், தொழில், அடையாளம் தெரிகிற எந்தத் துப்பும் 25 ஆண்டு அல்ல, 100 ஆண்டு ஆனாலும் வெளியே வரக்கூடாது. விசாரணையில் இருந்தவர்களின் பெயருக்கும் இதேதான். இந்த ஒரு விஷயத்தில் அரசு அனுமதி கொடுத்தாலும் நாங்கள் கொடுக்க மாட்டோம்.

யூடியூப் சேனல்காரர்கள் கேட்பதோ முதலில் இதைத்தான். ‘யார் சொன்னது, எந்தத் தெரு?’ என்று மைக்கை நீட்டுகிறார்கள். பேச்சு சுவாரசியமாகப் போகும்போது இல்லாததும் இரண்டு சேரும். பட்டாளத்துக் கதைக்கு அது புதிதில்லை. முகாம் காவலுக்கு நின்றவர் புலிகளின் தலைவரையே நேரில் பிடிக்கப் போனதாகச் சொல்லி, அது லட்சம் பேர் பார்க்கிற வீடியோவாகிவிட்டால், நிஜமாகவே வேலை பார்த்தவன் பின்னால் வந்து சொல்வதை எவன் நம்புவான்?

அரசிடம் நாங்கள் கேட்பது அரசே ஒப்புக்கொண்டதைத்தான். 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் போர் வரலாற்றுக் கொள்கை ஒன்றை அறிவித்தது. ராணுவ ஆவணங்கள் சாதாரணமாக 25 ஆண்டில் ரகசிய வகையிலிருந்து நீக்கப்பட வேண்டும் என்கிறது அது. அந்தக் கணக்கில் அமைதிப்படையின் கடைசி ஆண்டுக் காகிதங்களுக்கே 2015இல் கெடு முடிந்துவிட்டது. காகிதத்துக்கு 25 ஆண்டு என்றால் அதை எழுதிய கைக்கும் 25 ஆண்டு என்று வைக்க வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் ஓய்வுபெற்றவர்களின் எழுத்தை முன்கூட்டிப் பார்த்துக் கொடுக்கவே ஓர் அலுவலகம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போய் பின்லேடன் வேட்டையைப் புத்தகமாக்கிய கடற்படைக் கமாண்டோவிடம் 60 லட்சம் டாலருக்கு மேல் திரும்ப வாங்கினார்கள். கண்டிப்பு அங்கேயும் குறைவில்லை, ஆனால் கதவு எங்கே இருக்கிறது என்று தெரியும். இங்கேயும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவே, தமிழிலேயே எழுதிக் கொடுக்க வசதி வேண்டும். 90 நாளில் பதில் வர வேண்டும். மறுத்தால் எந்தப் பத்திக்கு மறுப்பு என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். பதவியைப் பார்த்து ஆளுக்கொரு நியாயம் கூடாது.

மனநல மருத்துவரிடம் பேசுவதற்கு 25 ஆண்டுக் கணக்கெல்லாம் பொருந்தாது. தூக்கத்தில் எழுந்து கத்துகிறவர் ‘அதைச் சொல்லக்கூடாது டாக்டர்’ என்று பாதியில் நிறுத்துகிற நிலைமை இருக்கிறது. ராணுவ மருத்துவமனைகளில் ரகசியம் கேட்க அனுமதி பெற்ற மருத்துவர்களை நியமிக்க வேண்டும். படையில் சேரும்போது இல்லாத நோய் பின்னால் வந்தால் சந்தேகத்தின் பலன் வீரருக்கே என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே பதிவேட்டில் ‘டிரைவர்’ என்று மட்டும் இருப்பதைக் காட்டி ஊனமுற்றோர் ஓய்வூதியத்தை மறுக்கக்கூடாது.

இன்றைய ரகசியம் நாளைய வரலாறு. 1918 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய பாரதி கைதாகி, இதே கடலூரில் சிறை இருந்தார். புதுச்சேரியில் அவர் பின்னாலேயே திரிந்த சி.ஐ.டி. ஆட்களின் குறிப்புகளைத்தான் இன்றைய ஆராய்ச்சியாளர்கள் தேடி எடுத்துப் படிக்கிறார்கள். அன்றைக்கு அது பரம ரகசியம்.

உறுப்பினர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. எழுதுகிறவர்கள் நோட்டில் கையால் எழுதுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். காலமானவரின் டைரி, கடிதம், படம் எதையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உறையில் வைத்து ஒட்டி, மேலே பெயரும் சேவை எண்ணும் எழுதி, வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள். சங்கமும் அதைப் பிரித்துப் பார்க்காது. இந்த அறிக்கையை வரும் டிசம்பர் 7 கொடிநாளன்று மாவட்ட ஆட்சியர் வழியாகப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு மனுவாக அனுப்புகிறோம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் அதற்குள் டிஸ்சார்ஜ் புத்தக நகலோடு வரலாம். எந்தப் பணியில் இருந்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டோம்.