நிறமும் உப்பும்

காஞ்சிமாநதி என்று பழம்பெயர் பெற்ற நொய்யலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் சாயத்தின் நிறத்தையே பேசுகிறோம். நிறம் கண்ணுக்குத் தெரிந்த குற்றவாளி. நிலத்தைக் கெடுத்ததோ உப்பு. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பைக் கொட்டவேண்டும். அது பெரும்பாலும் கழிவுநீரோடே வெளியேறிவிடும். வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தை நீக்கும், கரைந்த உப்பை நீக்காது.

1992இல் பாசனத்துக்கெனத் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் உப்புநீர்த் தொட்டியாயிற்று. சுற்றுப்புறக் கிணறுகள் கெட்டன. தண்ணீர் கேட்டுப் போராடும் உழவரையே நாம் அறிவோம்; இங்கே இந்தத் தண்ணீர் வேண்டாம் என்றார்கள், நீதிமன்றம் ஏறினார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்று 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடவே உத்தரவிட்டது. அதன்பிறகுதான் சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும் தவிர்க்க முடியாதவை ஆயின.

பனியன் தொழிலில் பசியாறிய வீடுகள் நம்மிலும் உண்டு. (இதை எழுதும் விரல்களுக்கு அந்தக் கூச்சம் இருக்கிறது.) ஆகவே ஆலைக்காரர்களை மட்டும் ஏசிவிட்டு நகர மனம் ஒப்பவில்லை. மலிவாக வாங்கிய ஒவ்வொரு ஆடையின் சுத்திகரிப்புச் செலவையும் ஆற்றோரத்துத் தோட்டங்கள்தாம் கட்டின.

நாம் கேட்பது சிறியது. ஆற்றிலும் கிணற்றிலும் கரைந்திருக்கும் உப்பின் அளவை மாதந்தோறும் கரையோர ஊராட்சி அலுவலகப் பலகைகளில் தமிழில் எழுதி வைக்கட்டும். நாவில் வைத்துப் பார்த்தே அதை அறிந்துவந்த விவசாயி, இனி எண்ணைக் காட்டி வாதாடட்டும்.