தானே எண்ணும் கணக்கு



கோல்ப் ஆட்டத்தை நம் வாசகருள் பெரும்பாலோர் படத்தில் மட்டுமே கண்டிருப்பர். ஆயினும் அதில் தேர்ச்சி பெற விரும்புவோர்க்கு ஆசிரியர்கள் கூறும் அறிவுரைகளுள் நான்கினை இல்லறத்தார்க்கும் எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலாவது, குறுகிய அடிகளைப் பழகுக. பதினெட்டுக் குழிகள் கொண்ட மைதானத்திற்கு 72 அடிகள் என்பது வழக்கமான அளவு. குழியைச் சூழ்ந்த மென்புல்தரையில் குழிக்கு இரண்டாக 36 அடிகள் அக்கணக்கிலேயே அடங்கியுள்ளன, அதாவது, சரிபாதி! புதிதாய்க் கற்பவனோ பந்தை வெகுதொலைவு விரட்டவே நாளெல்லாம் பழகுகிறான். நாலேகால் அங்குல அகலக் குழியின் அருகே வந்து தடுமாறுகிறான். திருமணத்தைப் பெருஞ்சிறப்பாய் நடத்துவோர் பலரைக் காண்கிறோம். அன்றாடம் ஓர் இன்சொல் கூறப் பழகியோர் சிலரே.

இரண்டாவது, மட்டையை இறுக்கிப் பிடியாதீர். பிடி இறுகினால் கை விறைத்து, வீச்சின் வேகம் குன்றும். நழுவாத அளவு பிடித்தால் போதும். வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றோர் பிடிக்கவேண்டிய அளவும் ஏறத்தாழ அதுவே.

மூன்றாவது, பந்து புதரில் விழுந்தால், இழந்ததை ஒரே அடியில் மீட்க முயலாதீர். முதலில் அருகிலுள்ள திறந்த தரைக்குக் கொணர்க. அதற்கு ஓர் அடி செலவாகும். ஆத்திரத்தில் அடித்தாலோ மூன்று நான்கு செலவாகலாம். கடன் தொல்லையோடு நம்மை நாடி வருவோர் சிலர், ஒரே நாளில் கடனைத் தீர்க்க எண்ணிச் சூதாட்டத்தில் இறங்கியவர்களே.

நான்காவது, உண்மையாய் எண்ணுக. இவ்வாட்டத்தில் பெரும்பாலும் நடுவர் உடன்வருவதில்லை. அட்லாண்டா நகரத்தவரான பாபி ஜோன்ஸ், 1921-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் மனம் வெதும்பி ஆட்டத்தை நடுவிலேயே கைவிட்ட இளைஞர். 1925-இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் அவர் அடிக்க ஆயத்தமானபோது பந்து சற்றே அசைந்தது. பிறர் எவரும் அதைக் கண்டிலர். அவரோ தம் கணக்கில் ஓர் அடியைத் தண்டனையாகச் சேர்க்குமாறு வற்புறுத்தினார். முடிவில் இருவர் சமமாய் நின்றனர். மறு ஆட்டத்தில் ஜோன்ஸ் ஓர் அடியில் தோற்றார். அத்தண்டனை இல்லையேல் பட்டம் முன்னரே அவருடையதாகியிருக்கும்!

1930-இல் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். பின்னாளில் தண்டுவட நோயால் நடக்கும் ஆற்றலை இழந்தார். 1971 டிசம்பரில், மரணப் படுக்கையில், தம் மனைவியின் கத்தோலிக்க விசுவாசத்தைத் தழுவி இறைவனடி சேர்ந்தார்.

பிறர் காணாததை இறைவன் காண்கிறார் என்று பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். அதை அவர்கள் நம்ப வேண்டுமெனில், நம் வாழ்வில் அதைக் காண வேண்டும். இன்றிரவு குடும்ப செபத்திற்குப் பின் சிறிதுநேரம் ஆன்ம சோதனை செய்யுங்கள். "இன்று நான் கோபத்தில் பேசியது தவறு" என்று தந்தையோ தாயோ பிள்ளைகள் முன்னிலையில் முதலில் சொல்லட்டும். தேர்வில் குறைந்த மதிப்பெண்ணை மறைத்து வைத்திருக்கும் மகனும் அதன்பின் வாய் திறப்பான்.